ஊதி அடைத்த காற்று

சோப்புக் குமிழிக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். அடியில் காற்று கசிந்தால் பெருக்கும், பெருத்து உடையும். கார் ஷெட்டுக்குள் மரத் தாங்கிகள் மேல் கிடந்த படகின் மூக்கோரம், பலகையும் பலகையும் சேருமிடத்தில் அவள் தடவிவிட்ட சோப்புத் தண்ணீரில் எழுந்த குமிழி அந்த வேலையைச் செய்யவில்லை. பட்டாணி அளவுக்குப் பெருத்தது. கொஞ்சம் நின்றது. பிறகு வந்த வழியே சுருங்கி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. அவள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி குனிந்தே நின்றாள். குமிழி மறுபடியும் பெருத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பிசின் நெடியும் மரத்தூள் வாசனையும் ஈரத்தில் கனத்துத் தரையோடு தரையாகக் கிடந்தன. வீட்டுக்குள் போகும் கதவு திறந்திருந்ததால் அவள் கணவரின் குறட்டை மழையைத் தாண்டி வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தாரென்றால் ஊரைக் கூட்டும் குறட்டை, முடிவில் ஒரு சின்ன விசில் வேறு. கல்யாணமான புதிதில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியவள், இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் விழித்துக்கொள்கிறாள். அதனால் அதை அவள் முதலில் கவனிக்கவில்லை. பிறகுதான் கவனித்தாள். குறட்டை இழுத்தால் குமிழி சுருங்கியது. விட்டால் பெருத்தது.

உள்ளே அவர் புரண்டு படுத்தார். குறட்டை அறுந்து, சற்று நேரம் ஒன்றுமே இல்லை. குமிழியும் பாதியில் நின்று காத்திருந்தது.

அவள் துணியால் அதை அழுத்தித் துடைத்தாள். மழைக்காலத்தில் மரம் உப்பும், காற்று கனக்கும், ஆயிரம் காரணம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, அந்த இடத்தில் துளை அடைக்கும் பட்டியை எடுத்துத் தேவைக்கு மேல் அப்பினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்கு மாலுமி என்று பெயர், மரியாதைக்காக வைத்ததில்லை. வருஷா வருஷம் ஏரியில் நடக்கும் பாய்மரப் பந்தயத்துக்கு கிளப்பின் பழைய படகை இரவல் வாங்கிப் போய், பரிசெல்லாம் கொடுத்து முடித்து நாற்காலிகளை மடக்கும் நேரத்தில் கரை சேர்கிறவர். போன தடவை அவருக்காகக் காத்திருந்தது நாற்காலி வாடகைக்காரர் ஒருவர்தான் என்று மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். அதுவும் மிச்சமிருந்த கடைசி நாற்காலியை மடக்கி எடுத்துப்போகத்தான் நின்றாராம். மாலுமியும் கூடச் சிரிப்பார். ஆனால் அந்த வாரமே பிளைவுட் வந்து இறங்கியது. இரவல் படகில் எவனும் ஜெயிக்க முடியாது, நம் கையால் நமக்கென்று ஒன்று கட்ட வேண்டும் என்றார். மரவேலை அவருக்கு, பெயின்ட் வேலை அவளுக்கு. கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவள் தொழில். ஏணி உச்சியில் நின்றாலும் கை நடுங்காது என்று பெயர் வாங்கியவள்.

பாய்மரப் படகில் முன்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் காற்றறைகள் வைப்பார்கள். நாலு புறமும் மூடிய பெட்டிகள், உள்ளே வெறும் காற்று. படகு கவிழ்ந்தாலும் மூழ்க விடாது. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சின்ன குழாய் வழியே காற்றடித்து, குழாயை அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது வழக்கம். காற்றைக் கால் பம்பால்தான் அடிக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. படகு கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூச்சில் ஈரம் இருக்கிறது, அது உள்ளே தங்கிப் பெயின்ட் படாத மரத்தை உளுத்துப்போகச் செய்யும் என்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் பம்பின் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. கடை அடைத்திருந்தது. முன் அறை மட்டும்தான் பாக்கி. மாலுமிக்குப் பொறுமை கிடையாது. குழாயை வாயில் வைத்து, கன்னம் இரண்டும் பூரித்து, முகம் சிவந்து, கண் பிதுங்க ஊதினார். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். ஊதி முடித்ததும் குழாயைப் பிசினால் நிரந்தரமாகவே அடைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். வயசாகிறது என்று அவள் கேலி செய்தாள்.

பிரைமர் அடிக்கிற நாட்கள் வந்தன. அவளுக்குப் பிடித்த வேலை. காலையில் ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பு, உள்ளங்கையால் தடவிப் பார்த்து மேடு பள்ளம் கண்டுபிடிப்பு, மறுபடி பூச்சு. பின்பக்கமும் ஓரங்களும் கண்ணாடிபோல வந்தன. முன்பக்கம் மட்டும் மக்கர் செய்தது. ஒவ்வொரு தடவை காய்ந்த பிறகும் அங்கே ஒரு ஊசிமுனைத் துளை இருந்தது. அடைத்தால் அடுத்த நாள் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. குமிழி உடைந்த துளை என்றால் ஓரம் வெளிப்பக்கம் தூக்கியிருக்கும். இவற்றின் ஓரம் உள்பக்கம் இழுக்கப்பட்டிருந்தது. தடவும்போது அந்த இடத்துப் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படாத ஷெட்டில், மழை நாளில்.

அந்த நாட்களில்தான் மாலுமி மாடிப்படியில் பாதியிலேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். பேச்சு நடுவில் அறுந்தது. ஒரு ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஜோக் வேறு சுமார்தான், அதையும் தவணையில் கேட்க வேண்டியதாயிற்று.

"பெயின்ட் நெடியிலயே கெடந்தா யாருக்குத்தான் மூச்சு வாங்காது" என்றாள் அக்கா. "நீயும் மூக்குல துணி கட்டிக்கம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லையே அண்ணி. நாள் பூரா நான்தானே அங்க இருக்கேன்."

"உனக்குப் பழகிடுச்சு."

அடுத்த தெரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இந்த வயசில் இப்படி ஒரு நெஞ்சுப் படம் பார்த்ததில்லை என்று பாராட்டவே செய்தார். திரும்பி வருகிற வழியில் மாலுமியின் உதடுகள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. வீட்டு வாசலில் கால் வைத்ததும் சிவந்தன. அவள் பார்த்தாள். பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கேட்டாள்.

"என்னங்க, முன்னாடி அறைய ஒரு தடவ திறந்து பாத்துடலாமா?"

"எதுக்கு? மேல்தட்டப் பேத்தா... பந்தயம் போயிடும்."

"உள்ள ஈரம் நிக்குதோன்னு தோணுது. வாயால ஊதினீங்கல்ல."

"என் மூச்சுதானே. விஷமா?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் தீர்ந்துபோனது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் எதுவோ, சுவருக்கு அந்தப் பக்கம், மெதுவாக மூச்சை இழுத்து விட்டது.

அவர் திறக்காவிட்டால் தானே திறப்பது என்று முடிவு செய்தாள். மறுநாள் அவர் மாடியில் அக்காவோடு டீ குடிக்கப் போயிருந்தபோது, டிரில்லில் இருப்பதிலேயே சின்ன முனையை மாட்டிக்கொண்டு, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து முன் அறையின் அடிப்பக்கம் வைத்து அழுத்தினாள். மரத்தூள் சுருள் சுருளாக விழுந்தது. முனை உள்ளே புகுந்த கணம் அவள் எதிர்பார்த்தது ஒரு சீறல். ஊதி அடைத்த காற்று வெளியே வர வேண்டும், அவ்வளவுதானே.

வந்தது. வெதுவெதுப்பாக, அவள் மணிக்கட்டில் பட்டது. அவர் தூங்கி எழுந்ததும் அவர் வாயில் இருக்கும் வாசனை.

மாடியில் டம்ளர் விழுந்து உருண்டது. நாற்காலி சரிந்தது. அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது, இரண்டாவது தடவை குரல் கிறீச்சிட்டது.

அவள் கட்டைவிரலால் துளையை அடைத்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை. வெளியே வந்துகொண்டிருந்த காற்று சட்டென்று திசை மாறியது. விரல் நுனியைத் துளை உள்ளே இழுத்தது. விட்டது. இழுத்தது. பால் குடிக்கும் பிள்ளை விரலைச் சப்புவதுபோல, பசியோடு, அவசரமில்லாமல். அவள் இடது கையால் பட்டி டப்பாவைத் துழாவி எடுத்து, பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, விரலை எடுத்த வேகத்தில் பட்டியை வைத்து அழுத்தினாள். இறுகும்வரை உள்ளங்கையை எடுக்கவில்லை. மாடியில் இருமல் கேட்டது. இருமல் கேட்டதற்காக அவள் அழுதாள்.

"புரை ஏறிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றபடி அக்கா இறங்கி வந்தாள். சொன்னவள் முகத்திலேயே ஈயாடவில்லை. "உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அதிலிருந்து அவள் அந்தப் படகுக்குக் காவல்காரியானாள். எதைக் கண்டு பயந்தாளோ அதையே பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு துளை விழுந்தால் அவர் நெஞ்சில் விசில் கேட்கும். ஓடிவந்து துளையைத் தேடி அடைத்தால் விசில் நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தைப் பலகையோடு வைத்து, மூச்சு படுகிற இடத்தைத் தேடினாள். வெள்ளை எனாமல் ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. போர்டு எழுதும் வேலைகள் எல்லாம் அப்படியே கிடந்தன. அவளுடைய கை வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்ததில்லை. வருகிறவர்கள் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளலாம், அப்படி மின்னியது முன்பக்கம். அவள் மட்டும் அதில் முகம் பார்க்கவில்லை. மூச்சு விட்டால் மங்குகிற கண்ணாடிபோல அந்த வெள்ளை தானாகவே மங்கியது, தெளிந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி. டாக்ஸியில் பின்சீட்டில் அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். கடைத்தெரு தாண்டும்போது மூச்சு நூலாக இருந்தது. பாலத்தில் ஏறும்போது அதுவும் இல்லை. கண் மேலே செருகி, நகங்கள் கறுத்து, அவள் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"ஆஸ்பத்திரி பக்கம்தாம்மா, நாலு தெருதான்" என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார்.

"திருப்புங்க. வீட்டுக்குத் திருப்புங்க."

"என்னம்மா சொல்றீங்க, ஆளு..."

"திருப்புங்கன்னா."

டிரைவர் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டேதான் திருப்பினார். பாலம் இறங்கியதும் ஒரு விக்கல். கடைத்தெருவில் ஒரு முழு மூச்சு. தெரு முனையில் கண்ணைத் திறந்தார். ஷெட் கதவைத் திறந்து, படகின் ஓரத்தில் சாய்த்து உட்காரவைத்ததும் வயிறு வரைக்கும் இழுத்துவிட்டார், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன்போல. பின்னால் படகும் இழுத்து விட்டது. அதன் மூச்சு இப்போது அவருடையதைவிட நீளம்.

அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு ஊதினேன்ல" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டார். "ஊதி முடிச்சு... வாய எடுக்கப்போனேன். விடல. இன்னும் கொஞ்சம் இழுத்துச்சு. நானா குடுத்ததில்ல அது. இழுத்துக்கிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ சிரிச்சிருப்ப."

சிரித்துத்தான் இருப்பாள். அது அவளுக்குத் தாங்கவில்லை. அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்திருந்தார். இரண்டு பேரும் மூன்றாவது ஆளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்தயத்தில் கலந்துகொள்ளும் படகுகளைச் சோதிக்க கிளப்பிலிருந்து அளவுக்காரர் வந்தார். தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் டேப், தொட்டதற்கெல்லாம் ஒரு குறை கண்டுபிடிக்கும் மனிதர். இவராவது படகை ஒதுக்கிவிட மாட்டாரா என்று அவள் வேண்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவர் அகலம் பார்த்தார், தரையில் கிடந்த பாய்மரத்தின் நீளம் பார்த்தார், ஓர அறைகளை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். முன் அறையைத் தட்டினார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை தட்டினார். அவர் மூன்றாவது தட்டுக்குக் கையைத் தூக்குவதற்குள் உள்ளேயிருந்து அந்தத் தட்டு வந்தது.

அளவுக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெயின்ட் வேல யாருது?"

"நான்தான்."

"நல்லாருக்கு" என்றார். "ரொம்ப நல்லாருக்கு." எதையும் ஒதுக்காமல், எதையும் குறை சொல்லாமல், டேப்பைச் சுருட்டக்கூட மறந்து வெளியே போனார். டேப் ஷெட் வாசல் வரைக்கும் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

பிறகு படகை அதன் தள்ளுவண்டியில் ஏற்றிவைத்து, பாய்மரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஷெட்டின் கூரைத் தகரம் ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுத்தினார்கள். கப்பிகள், கயிறுகள், சுக்கான். வேலை செய்யும்போது அவர் படகுக்குள்தான் உட்கார்ந்திருந்தார், அதில் உட்கார்ந்தால்தான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிந்தது. சாப்பாட்டை அவள் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். முன்தட்டில் ஒரு வளையம் பதிக்க நாலு திருகாணி முடுக்க வேண்டும். அவள் அதைப் பிசினால் ஒட்டினாள். ஆணி என்ற பேச்சையே இரண்டு பேரும் எடுக்கவில்லை.

பாயை ஏற்றிப் பார்த்தது ஒரு சாயங்காலம். ஷெட் கதவுகள் மூடியிருந்தன. வெளியே இலை அசையவில்லை. கயிற்றை இழுக்க இழுக்க வெள்ளைத் துணி மடிப்பு விட்டு ஏறி, தொளதொளவென்று தொங்கியது. அவள் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

பாய் நிறைந்தது.

மெதுவாக. வயிறு உப்புவதுபோல. நின்றது. தளர்ந்தது. மறுபடி நிறைந்தது. ஷெட்டில் காற்று இல்லை. அவள் நெற்றி மயிர்கூட அசையவில்லை. தள்ளுவண்டியின் சக்கரங்கள் முனகின. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த செங்கல் தரையில் கரகரவென்று ஒரு விரற்கடை நகர்ந்தது, கதவை நோக்கி.

"எறக்குங்க. பாய எறக்குங்க."

இறக்கினார்கள். துணி தரையில் குவிந்து கிடந்தது. குவியல் ஏறி ஏறி இறங்கியது.

"நாம போக வேணாம்" என்றாள். "பந்தயம் வேணாங்க. இது இங்கயே கெடக்கட்டும். நீங்களும் இங்கயே இருங்க. நான் பாத்துக்கறேன். காலம் பூரா பாத்துக்கறேன்."

அவர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நிக்காது" என்றார். "நான் போகலன்னா... அது மட்டும் போயிடும். அப்புறம் நான்?"

அவள் செங்கல்லைச் சக்கரத்தோடு சேர்த்து மிதித்து அழுத்தினாள். பாலத்தின் மேல் கறுத்துப்போன நகங்கள்தான் ஞாபகம் வந்தன. உடைத்தால் அவர் இல்லை. எரித்தால் இல்லை. வைத்துக்கொள்ளவும் முடியாது. இனி செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பிரஷ்ஷை எடுத்தாள். முன்பக்கம் முழுவதற்கும் இன்னொரு பூச்சு அடித்தாள்.

பந்தய நாள் வெயிலும் மேகமுமாக இருந்தது. ஏரிக்கரையில் கொடிகள், நாற்காலிகள், ஒலிபெருக்கி. அக்கா புதுப் புடவையில் வந்திருந்தாள். நாற்காலிக்காரரிடம், இந்த வருஷம் என் தம்பி சொந்தப் படகு, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம் என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள். படகைத் தண்ணீரில் இறக்கியபோது அதை யாரும் தள்ளவில்லை. சரிவில் தானாக இறங்கியது. அதற்குள் உட்கார்ந்திருந்த மாலுமியின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"பாரு" என்றார் முழுசாக, மூச்சு வாங்காமல். "தண்ணில எறங்கினதும் சரியாயிடுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சு நெறையுது. நீ பயந்ததுதான் மிச்சம்."

அவள் நம்பினாள். நம்பத் துடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. ஊதல் ஒலித்தது. வெள்ளைப் பாய்கள் கூட்டமாக விலகிப் போயின, அவருடையது வழக்கம்போலக் கடைசியில்.

பாதி ஏரி தாண்டியபோது காற்று செத்தது.

கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. தண்ணீர் எண்ணெய்போல ஆனது. தூரத்தில் ஒவ்வொரு பாயாகத் துவண்டு தொங்கியது. படகுகள் நின்ற இடத்தில் நின்றன. சிலர் துடுப்புப்போலக் கையால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார்கள். கரையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஒரு பாய் மட்டும் நிறைந்தது. தளர்ந்தது. நிறைந்தது.

"ஏய், நம்ம ஆளு" என்று அக்கா எழுந்துவிட்டாள். "நம்ம ஆளு வராண்டி."

வந்தது. நின்றுபோன படகுகளின் நடுவே, ஒவ்வொன்றாகத் தாண்டி, இழுத்து இழுத்து வந்தது. நிறையும்போது பாய்ச்சல். தளரும்போது வழுக்கல். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மாலுமி, மாலுமி என்று யாரோ கத்த, கேலிக்கு வைத்த பெயரைக் கரை முழுவதும் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கியில் குரல் தடுமாறியது. காற்று இல்லாமலே, என்றது. ஆச்சரியம், என்றது. அவள் அதற்குள் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கியிருந்தாள். அவர் சுக்கானைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எப்போதும் கூன் போட்டு உட்காருகிறவர்.

எல்லைக் கொடியைத் தாண்டியது. ஊதல் அலறியது. முதலாவது.

படகின் மூக்கு அவள் இடுப்பருகே வந்து நின்றது. முன் வளையத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

அவர் நெஞ்சு அசையவில்லை.

சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. தோள் அசையவில்லை. முகம் பலகையைப்போல வெளுத்திருந்தது, அவளடித்த வெள்ளை. கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவளைத் தேடின. கண்டுபிடித்தன. உதடுகள் பிரிந்து ஏதோ சொல்லின. சத்தம் இல்லை. சத்தத்துக்கு மூச்சு வேண்டும். மறுபடி சொல்லின. அவளைக் கூப்பிடுகிறார். அவளைத்தான்.

பாய் நிறைந்தது.

கயிறு அவள் கையில் இறுகியது. படகு திரும்பியது. சுக்கானில் இருந்த கை திருப்பவில்லை. சுக்கான்தான் அந்தக் கையை இழுத்துக்கொண்டு திரும்பியது. அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். குதிகால் சேற்றில் புதைந்து இழுபட்டது. தண்ணீர் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. நிறுத்துங்க என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. ஜெயித்தவன் ஒரு சுற்று சுற்றிக் காட்டப்போகிறான் என்று கரை முழுவதும் ஆர்ப்பரித்தது. அக்கா இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. ரத்தத்தில் வழுக்கி முனையும் போனது.

எல்லாப் படகுகளும் நின்றுகொண்டிருந்த கண்ணாடித் தண்ணீரில், எல்லாப் பாய்களும் தொங்கிக்கொண்டிருந்த வெயிலில், அந்த ஒன்று மட்டும் நடு ஏரியை நோக்கிப் போனது. நிறைந்தது. தளர்ந்தது. நிறைந்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரின் உடம்பு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. தலை மட்டும் பின்னால் திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடியபடி, அவளையே பார்த்துக்கொண்டு போனது. கரையில் கைதட்டல் நிற்கவே இல்லை.